மேற்கே ஓடிய ஆறு

“பக்கம் நூத்திப் பதினெட்டு” என்றார் புறத்தேர்வாளர்.

வழிகாட்டிப் பேராசிரியர் மேசைக்கடியில் ஆய்வு மாணவியின் காலை மிதித்தார்.

கூடத்தில் இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது பல்கலைக்கழக விதி. தேநீர் கொடுப்பார்கள் என்பதால் வரவும் செய்கிறார்கள். முதல் வரிசையில் அவளுடைய மாமியார். காது கொஞ்சம் மந்தம், அதனால் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார்.

இன்று தேறினால் அடுத்த மாதம் கல்லூரியில் வேலை. தேறாவிட்டால் அந்த வேலை பட்டியலில் இரண்டாவதாக நிற்கும் ஆளுக்குப் போய்விடும். ஏழு வருஷம் ஆகிவிட்டது. இன்னுமா படிக்கிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லை.

அவளுடைய ஆய்வே ஆய்வுகளைப் பற்றியதுதான். வரலாற்றுத் துறை நாற்பத்தைந்து ஆண்டுகளில் பெற்றுப் போட்ட அறுபத்து மூன்று ஆய்வேடுகளையும் அட்டையிலிருந்து அட்டை வரை படித்த ஒரே பிறவி அவள். உப்பு வரி, சிறைச்சாலை, காலரா, தபால்காரர்கள், ரயில் நிலையக் கடிகாரங்கள் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. குடையைப் பற்றிக்கூட முந்நூறு பக்கத்தில் ஒன்று இருந்தது. அதில் ஒரு சொட்டு மழை இல்லை.

எதை ஆராய்ந்தாலும் இரண்டாம் அத்தியாயம் ‘நிலமும் நீரும்’ என்பது துறையின் வழக்கம். அதை யாரும் எழுதுவதில்லை. முன்னால் முடித்தவரிடம் கேட்டு வாங்கி, அப்படியே சேர்த்துக்கொள்வார்கள்.

அப்படித்தான் நாற்பத்தொரு ஆய்வேடுகளில் இந்த ஊர் ஆறு மேற்கே ஓடியது.

ஆறு கூடத்தின் ஜன்னலுக்கு வெளியேதான் ஓடுகிறது. கிழக்கே. நாற்பத்தொரு பேரும் அதன் கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கைகழுவியவர்கள்தான். ஒருவருக்கும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் அவள் எழுதியிருந்தது இதுதான்: ‘இப்பிழை ஒரே ஓர் ஆய்வேட்டிலிருந்து புறப்பட்டது.’ எந்த ஆய்வேடு என்று ஓர் அடிக்குறிப்பும் போட்டிருந்தாள். ஏட்டைச் சமர்ப்பிக்கும் முன் வழிகாட்டி அந்த அடிக்குறிப்பை எடுக்க வைத்துவிட்டார். முதலில் பட்டத்தை வாங்கு, அப்புறம் வரலாற்றைக் காப்பாற்று என்றார்.

இப்போது அவர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

புறத்தேர்வாளருக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயரே ‘அடிக்குறிப்பு’. ஒரு தேதிக்கு ஆதாரம் இல்லையென்று ஒருவனை இரண்டு வருஷம் அலையவிட்டவர். சட்டைப்பையில் எப்போதும் பச்சை மைப் பேனா. திருத்தாமல் கல்யாணப் பத்திரிகையைக்கூடப் படிக்கமாட்டார் என்று பேச்சு.

“யாரும்மா அந்த மகானுபாவன்? பேரைச் சொல்லணும். அடிக்குறிப்பு இல்லன்னா அது ஆராய்ச்சி இல்ல, வதந்தி.”

கூடம் சிரித்தது. அவள் பயந்தாள். மறந்துவிட்டேன் ஐயா, அந்த வாக்கியத்தை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னால் போதும், வேலை கையில். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

ஆனால் ஏழு வருஷம், அறுபத்து மூன்று ஆய்வேடு. குடையையும் சேர்த்து.

பையிலிருந்து பழுப்பேறிய ஒரு தடித்த ஏட்டை எடுத்தாள். துறை நூலகத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தாள். முப்பத்தொன்றாம் பக்கத்தை விரித்து, அவர் முன்னால் வைத்தாள்.

அவர் ஒன்பதாவது வரியைப் படித்து, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சிரித்தார். யார் எழுதியது என்று பார்க்க முதல் பக்கத்துக்குப் புரட்டினார்.

சிரிப்பு நின்றது.

அங்கே இருந்தது அவருடைய பெயர்தான். நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், தட்டச்சில், முழு முதலெழுத்துகளோடு.

தேநீர் கொண்டுவந்தவர்கூட வாசலிலேயே நின்றுவிட்டார். புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்தார். அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு முப்பத்தொன்றாம் பக்கத்துக்குத் திரும்பி வந்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். ‘மேற்கு’ என்ற சொல்லை அடித்து, மேலே அழகாக ஏதோ எழுதி, மை காய ஊதினார்.

“ஏம்மா, அவர் எதுக்கு அந்தப் புஸ்தகத்துல கிறுக்குறாரு?” என்றார் மாமியார், கூடத்துக்கே கேட்கும்படி.

“கிழக்குன்னுதானேம்மா இருக்கு” என்றார் புறத்தேர்வாளர், ஏட்டை மூடி அவள் பக்கம் தள்ளியபடி.

அறிக்கையில் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு திருத்தம்: பக்கம் 118இல் உள்ள வாக்கியத்தை நீக்குக, அல்லது அதற்கு அடிக்குறிப்பு சேர்க்க.

வழிகாட்டிக்கு மூச்சு வந்தது. மாமியார் இரண்டு தேநீர் குடித்தார். வாக்கியத்தை இன்றைக்கே நீக்கிவிடு என்று வழிகாட்டி மூன்று முறை சொன்னார். அவள் மூன்று முறையும் தலையாட்டினாள்.

பட்டம் வந்தது. வேலையும் வந்தது. துறை நூலகத்தில் அறுபத்து நான்காவதாக அவளுடைய ஆய்வேடு உட்கார்ந்தது. அதன் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் வாக்கியம் இருக்கிறது. அதன் அடியில், பொடி எழுத்தில்:

‘துறையின் முதல் ஆய்வேடு, ப. 31, வரி 9. மூலத்தில் “மேற்கு”. வாய்மொழித் தேர்வன்று முற்பகல் 11.40க்கு, பச்சை மையால், நூலாசிரியராலேயே “கிழக்கு” எனத் திருத்தப்பட்டது. ஆதாரம்: நேரில் கண்டது. சாட்சிகள் இருபத்து மூவர், என் மாமியார் உட்பட.’