மூன்றாவது வயர்

தேர்வாளர் மூன்றாவது வயரையும் பிடுங்கினார்.

திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் அப்படியே நின்றன. அடியில் ஒரே ஒரு வரி வந்தது. 'இப்போது தெரியாது. காத்திருக்கவும்.'

பின் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

அக்கா மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. வகுப்பில் தமிழ் பேசுகிற இரண்டு பெண்கள் அப்படிக் கூப்பிடப்போய், பல நாட்டுப் பிள்ளைகளும் வாய்க்கு வந்தபடி உச்சரித்து அதையே பெயராக்கிவிட்டார்கள். முப்பத்தொன்பது வயது. சேர்ந்த முதல் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது, பேராசிரியர்தான் வந்துவிட்டார் என்று நினைத்து முன் வரிசையே கப்சிப் ஆனது.

அந்த முதல் பருவத்தில் இரண்டு பாடத்தில் கோட்டைவிட்டாள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள் பேச்சுவாக்கில் எழுதித் தள்ளும் கணினி நிரலை, அவள் காகிதத்தில் மூன்று முறை எழுதிப் பார்த்துதான் தட்டினாள். மறுபடி எழுதி இரண்டையும் தாண்டினாள்.

இன்று கடைசிப் படி, அவளே செய்த கணினி அமைப்புக்குத் தேர்வு. இன்று கோட்டைவிட்டால் மாதக் கடைசியில் விசா முடிகிறது. மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மேசைமேல் இருந்த ஐந்து பழைய கணினிகளும் சேர்ந்து ஒரே பதிவேட்டை வைத்துக்கொள்ளும். புதிதாக எதை எழுதுவதென்றாலும் குறைந்தது மூன்று கணினிகளாவது தலையாட்ட வேண்டும். ஒன்றின் தொடர்பு போனாலும் வேலை நடக்கும். இரண்டு போனாலும் நடக்கும். தேர்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் இரண்டு வயர்களைப் பிடுங்கியபோது, எண்கள் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறிக்கொண்டுதான் இருந்தன. பிள்ளைகள் கைகூடத் தட்டினார்கள்.

மனுஷன் அதோடு விட்டிருக்கலாம்.

வழிகாட்டிப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். போன வாரமே அவர் சொல்லிப் பார்த்தார். தொடர்பு போனால் கடைசியாகத் தெரிந்த பதிலையாவது காட்டட்டும், பார்க்கிறவர்களுக்கு நின்றுபோனது தெரியாது என்றார். அவள் பணிவாகத்தான் மறுத்தாள். ஆனால் மறுத்தது மறுத்ததுதான்.

தேர்வாளர் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அப்படியானால் தோற்றுவிட்டது என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வேண்டாம், சரியாகத்தான் வேலை செய்கிறது என்றாள்.

கடைசிப் பதில் இந்த இரண்டு கணினியிலும் இருக்கிறதே, அதைக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று அவர் விடவில்லை.

தொடர்பு போன மூன்றும் தங்களுக்குள் சேர்ந்து இதற்குள் வேறு எதையாவது எழுதியிருக்கலாம், இந்த இரண்டுக்கும் அது தெரியாது, தெரியாததைத் தெரிந்த மாதிரி சொன்னால் அது பொய் என்றாள். அவளுடைய உச்சரிப்பு வழக்கம்போலக் கரடுமுரடாக இருந்தது. குரலில் பிசிறு இல்லை.

அவர் குனிந்து ஒரு வயரை மட்டும் திரும்பச் செருகினார்.

ஒரு நொடி. இரண்டு நொடி.

எண்கள் கிடுகிடுவென்று ஏற ஆரம்பித்தன. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, நின்ற இடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஒன்றுகூட விடுபடவில்லை. ஒன்றுகூட இரண்டு தடவை வரவில்லை.

பேனாவை மூடினார். இந்த வருடம் பதினான்கு மாணவர்களிடம் மூன்றாவது வயரைப் பிடுங்கிப் பார்த்தேன், பதின்மூன்று பேருடையது எதையோ ஒன்றைக் காட்டிச் சமாளித்தது, நின்றது இது ஒன்றுதான் என்றார். இந்தப் பிடிவாதத்தை எங்கே கற்றாய் என்றும் கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். இங்கே வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை. ஒரு மத்தியானம், விபத்தில் அடிபட்ட ஒருவருக்கு அவசரமாக ரத்தம் கேட்டார்கள். அந்த நேரம் பார்த்துத் தொடர்பு அறுந்திருந்தது. கணினி அதைச் சொல்லாமல், அதே பெயருள்ள வேறு யாருடைய பழைய பதிவையோ எடுத்துக் காட்டியது. அவளுக்கு என்னவோ உறுத்தியது. ரத்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று நின்றாள். டாக்டர் கத்தினார். சொந்தக்காரர்கள் அடிக்கவே வந்துவிட்டார்கள். கையாலேயே மறுபடி சோதித்துப் பார்த்தபோது வகை வேறாக இருந்தது.

கணினி ஏன் அப்படிச் செய்தது என்று அவள் பிறகு கேட்காத ஆள் இல்லை. ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அதனால்தான் படிக்க வந்தேன் என்றாள்.

அந்த நோயாளி என்ன ஆனார் என்று தேர்வாளர் கேட்டார்.

நன்றாக இருக்கிறார் என்று மட்டும் சொன்னாள்.

தேர்வாளர் எழுந்து கைகொடுத்தார். மதிப்பெண் தாளில் அவர் எழுதியதை எட்டிப் பார்த்த வழிகாட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிள்ளைகள் மேசையைத் தட்டிய தட்டில் கணினிகள் குலுங்கின.

அவள் தாழ்வாரத்துக்கு வந்து ஊருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார் கணவர்.

"முதல் மதிப்பெண்ணுங்க."

அந்தப் பக்கம் மகளைக் கூப்பிடும் சத்தமும், ஒரு நாற்காலி சாயும் சத்தமும் கேட்டன.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி, "யாருய்யா இந்தப் பொம்பள, என்னைக் கொல்லாம விடமாட்டா போலிருக்கே" என்று அவளைத் திட்டியவரும் அவர்தான்.