வானத்தில் போகிற பெட்டி

விமான நிலையத்துக்குப் போக வேண்டிய மல்லிகைப் பெட்டியும் துறைமுகத்துக்குப் போக வேண்டிய புளி மூட்டையும் ஒரே லாரியில் ஏறின.

"நான் இன்னிக்கு ராத்திரியே சிங்கப்பூர்ல இருப்பேன். நீங்க எப்பண்ணே?" என்றது பெட்டி.

"கப்பல் எப்ப கொண்டுபோய்ச் சேர்க்குதோ அப்ப, தம்பி."

பெட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பறக்கிறவனுக்கு மிதக்கிறவனோடு என்ன பேச்சு என்று மூடியை இறுக்கிக்கொண்டது.

பாதி வழியில் டயர் வெடித்தது. உச்சி வெயில் நேராகப் பெட்டிமேல் விழுந்தது. உள்ளே ஐஸ் உருகியது. மொட்டுகள் வழியிலேயே மலர்ந்துவிட்டால் அங்கே யாரும் சீந்த மாட்டார்கள்.

"அண்ணே, நான் பிழைப்பேனா?"

"பொறு தம்பி, டிரைவர் வர்றார்."

டிரைவர் புளி மூட்டையை இழுத்து வெயில் பக்கம் நிறுத்தி, அதன் நிழலில் பெட்டியைத் தள்ளி வைத்தார். டயர் மாற்றி முடிக்கும்வரை மூட்டை வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றது. ஒரு மொட்டுகூட வாய் திறக்கவில்லை.

விமான நிலையத்தில் இறக்கியதும் பக்கத்துப் பெட்டிகள் பிரயாணம் எப்படி என்று விசாரித்தன.

"அதை ஏன் கேக்குறீங்க," என்றது மல்லிகைப் பெட்டி. "வழி பூரா ஒரு புளி மூட்டை என்மேலயே சாஞ்சுக்கிட்டு வந்துச்சு."