கிளம்பாத வண்டி

ஊரடங்கில் வேலையின்றிக் கிடந்த தவசி, அப்பா விட்டுப்போன பழைய பிக்கப்பைப் பத்து நாள் கழற்றி மாட்டி, ஒருநாள் காலையில் ஓட வைத்துவிட்டான். அன்று மாலையே எதிர்வீட்டு இசக்கி ஓடிவந்தான்.

"அண்ணே, அம்மைக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுக்கியளா?"

நோய்க்குப் பயந்து, "இன்னும் ஸ்டார்ட் ஆகலடே" என்றான் தவசி. இசக்கி அம்மாவைச் சேலையால் தன் முதுகோடு கட்டிக்கொண்டு பைக்கில் போனான்.

அவள் பிழைத்துவிட்டாள். இரண்டு வாரம் கழித்து இசக்கி ஸ்பானரோடு வந்தான்.

"ஒத்தையில கஷ்டப்படுதியளேண்ணே. நான் பாக்கேன்."

வண்டிக்கு அடியில் படுத்து, இல்லாத பழுதை அவன் தேடினான். எங்கே வெளிச்சம் காட்டுவதென்று தெரியாமல் தவசி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் சரியாத்தான இருக்கு" என்றது அடியிலிருந்து குரல். "சாவியப் போடுங்கண்ணே, பாப்போம்."