முன்சீட்டு

பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது. ஹாரனை அழுத்தினால் விளக்கு எரிந்தது. அந்தப் பழைய காரோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிய எலெக்ட்ரீஷியன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“எப்படியாவது சரி பண்ணிடு தம்பி. மகள் பிரசவத்துக்கு நாளைக்கு நான் கிளம்பறேன். திரும்பி வர மூணு மாசமாகும். அதுவரைக்கும் இவர் தனியாத்தான் வண்டி ஓட்டணும்,” என்றாள் கார்க்காரரின் மனைவி.

“ஏம்மா, சார் தனியா ஓட்டினதே இல்லையா?”

“இவரா! நான் முன்சீட்டுல இல்லாம தெருமுனை தாண்டமாட்டார். சிக்னல்ல நின்னாக்கூட என் மூஞ்சியையே பார்த்துட்டிருப்பார். நான் ‘போதும், போங்க’ன்னாத்தான் வண்டி நகரும்.” சொல்லும்போதே அவளுக்கு முகம் பூரித்தது.

“மானத்தை வாங்காதேடி,” என்றார் கணவர்.

எலெக்ட்ரீஷியன் வயரிங் படத்தை விரித்தான். “ஒரு வயர்கூடப் படத்துல இருக்கிறபடி இல்லையே! எந்தப் புண்ணியவான் சார் மாட்டினது?”

“நான்தான். போன மாசம், இதே படத்தைப் பார்த்து, என் கையாலயே மாத்தினேன்.”

“அப்படியா? அந்தச் சிவப்பு வயரை எடுங்க.”

அவர் கீழே கிடந்த இரண்டு வயர்களையும் பார்த்தார். பிறகு திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார். சிக்னலில் பார்ப்பாரே, அதே பார்வை.

அவள் வாய் திறக்கவில்லை. அவர் பச்சையை எடுத்து நீட்டினார்.

சாயங்காலம் எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரிந்தன.

“இனிமே கவலையில்லாம போய்ட்டு வா. நான் சமாளிச்சுக்குவேன்,” என்று சாவியைச் சுழற்றிக்கொண்டே அவர் உள்ளே போனார்.

அவள் எலெக்ட்ரீஷியனிடம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“தம்பி, அந்தக் கோளாறைத் திரும்பவும் வச்சுத் தர முடியுமா?”