ஐவர் இழப்பு

வீடியோ கேம்களைப் பற்றிய ஆய்வு நூல் ஒன்றைக் கஜேந்திரன் சொந்தமாக வெளியிட இருந்தான். அதைத் திருத்த ஒப்புக்கொண்டவள் ஜெயந்தினி. பதுளையில் பலருடைய நூல்களுக்குப் பிழை பார்த்தவள். பிழையென்று பட்டதை விட்டுவைத்துப் பழக்கமில்லாதவள்.

"தம்பி, நீங்க எழுதியிருக்கிற, மலையில ஊர் கட்டுற அந்த கேமை நானே விளையாடிப் பார்த்தேன். மழைக்கு மண் சரிஞ்சா, 'தொழிலாளர் ஐவர் இழப்பு'ன்னு மட்டுந்தான் திரையில வருது. நீங்க சிவனம்மா, மூக்கன்னு ஆளுக்கொரு பேர் போட்டிருக்கீங்களே?"

"கேம்ல பேர் இல்லைங்க மிஸ். நான் போட்டதுதான்."

"ஆய்வுல கற்பனை எதுக்கு? எடுத்திருவோம்."

"வேற எதை வேணும்னாலும் வெட்டுங்க. அது மட்டும் இருக்கட்டும்."

அவள் அந்த வரியின் மேல் கோடு இழுத்தாள். "வாசிக்கிறவங்க சிரிப்பாங்க தம்பி. யாரு இவங்க?"

கஜேந்திரன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க லயத்து வரிசை வீட்டு ஆளுங்க. தேயிலைத் தோட்டத்துல மண் சரிஞ்சப்ப உள்ள போயிட்டாங்க. செய்தியிலயும் அஞ்சு பேருன்னுதான் சொன்னாங்க. பேர் சொல்லல."

ஜெயந்தினியின் பேனா நின்றது. இழுத்த கோட்டின் பக்கத்தில் 'அப்படியே இருக்கட்டும்' என்று எழுதினாள்.

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்த அஞ்சு பேருல ஒண்ணு, ஒரு இடத்துல 'பெரியாய்'னு இருக்கு, இன்னொரு இடத்துல 'பெரியாயி'ன்னு இருக்கு. எது சரி?"

"பெரியாயிதாங்க மிஸ். எங்கம்மா."

அவள் முதல் பக்கத்திலிருந்து அந்தப் பெயரைத் தேடித் தேடித் திருத்தத் தொடங்கினாள்.