அலமாரியில் இருந்த ஜாடி

மாமனார் பொத்திப் பொத்தி வைத்திருந்த பழைய பீங்கான் ஜாடியைப் போன மாதம் துடைக்கும்போது மருமகள் உடைத்துவிட்டாள். அச்சு அசலாக அதே மாதிரி ஒன்றை ஆன்லைன் ஏலத்தில் பிடித்து, சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டாள். இன்று பழம்பொருள் மதிப்பீட்டாளர் வந்து அதைக் கவிழ்த்துப் பார்த்தபோது அவள் கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்க அம்மா வச்சிட்டுப் போனது சார். அசல்தானே?” என்றார் மாமனார்.

“சந்தேகமே வேண்டாம். நூறு வருஷத்துச் சரக்கு. அடியில சூளையில சுட்டப்போ விழுந்த தழும்பே சொல்லுதே.”

மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமனார் பூரித்துப்போனார். மாமியார் மட்டும் அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போனார்.

“ஏண்டி, எப்ப உடைச்சே?”

“அத்தை! அவரே அசல்னு சொல்லிட்டாரே, உங்களுக்கு எப்படி...”

“அதனாலதான் கேக்கறேன். அசலை நான் உடைச்சு இருபது வருஷம் ஆச்சு. அங்க நான் வச்சிருந்தது பிளாட்பாரக் கடையில வாங்கின போலி.”