நல்ல பிள்ளை மட்டும்

சோபாவின் கைப்பிடியில் ஏறி மறுபடியும் தொப்பென்று குதித்தான் பையன். "பாவம்" என்று கைக்குட்டையைக் கண்ணோரம் ஒற்றிக்கொண்டார் அத்தை. கைக்குட்டை நனைந்ததாகத் தெரியவில்லை.

அத்தை என்றால் வீட்டுக்காரரின் அக்கா. குழந்தைக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகத் தம்பி நேற்று ஃபோனில் ஆரம்பித்ததுதான் தாமதம், "இதோ வரேன்" என்று வைத்துவிட்டார். எதிராளி பேசி முடிக்கும்வரை கேட்கும் வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. ஆறுதல் சொல்வதில் அவ்வளவு அவசரம்.

கூடவே கணவரையும் இழுத்து வந்திருந்தார். அவருக்கு இரண்டே வேலை. மனைவி பேசினால் தலையாட்ட வேண்டும், தட்டில் பிஸ்கட் இருந்தால் காலி செய்ய வேண்டும். இரண்டையும் குறை வைக்காமல் செய்துகொண்டிருந்தார்.

"மாமா, ஏன் பிஸ்கட்ட டீக்குள்ள முக்குறீங்க? உங்களுக்குப் பல்லு இல்லையா?" பையன் அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டான்.

"பாத்தியா" என்று அத்தை தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "நாலு வயசுல வாய் ஓயுதா? ஒரு இடத்துல நிக்குதா? இதான் அது. யூடியூப்ல எல்லாம் பாத்துட்டேன். டாக்டரே வேண்டாம், நானே சொல்லியிருப்பேன்."

மூன்று வீடியோ பார்த்துவிட்டு நிபுணராகிவிட்டவரிடம் யார் என்ன பேசுவது? தம்பி பேசிப் பார்த்தார். "அக்கா, அது வந்து..."

"நீ சும்மா இருடா. உனக்கு என்ன தெரியும்?"

தம்பி சும்மா இருந்தார். ஆபீசில் இருபது பேரை மேய்க்கிற மனிதர், அக்கா முன்னால் மட்டும் அரை டிக்கெட். மறுபடியும் வாயைத் திறக்கப் போனவரின் கையை மனைவி மெல்ல அழுத்தினாள். "பேசட்டும் விடுங்க. அண்ணி நமக்காகத்தானே வந்திருக்காங்க."

அண்ணி பேசினார். "வயித்துப் பிள்ளையோட கம்ப்யூட்டர் முன்னால உக்காராதேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு கிடையாது. உங்க பக்கம் யாராவது இருந்தாங்களான்னு நீதான் விசாரிக்கணும்." இதற்குப் பெயர் ஆறுதலாம். வீடு தேடி வந்து செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

தம்பி மனைவி காலியான தட்டில் இன்னும் நாலு பிஸ்கட்டை எடுத்து வைத்தாள். டாக்டர் நேற்று கடைசியாகச் சொன்னதுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 'கூட நிக்க நாலு பேரத் தேடிக்குங்கம்மா. இது தனியா இழுக்கிற தேர் இல்ல.' நாலு பேர் வேண்டாம், சொந்தத்தில் ஒரே ஒருத்தர் கிடைத்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஜன்னலோரம் மகள் படப்புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. இவர்கள் வந்தபோது எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ அதே பக்கத்தையே இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தை அவளுக்கு மட்டும் சாக்லேட் வாங்கி வந்து பக்கத்தில் வைத்திருந்தார்.

"செல்லம், அத்தைய ஒரு தடவ பாரு." செல்லம் பார்க்கவில்லை.

"எவ்வளவு அடக்கம். சாக்லேட்டுக்குப் பறக்குதா? எதுத்து ஒரு வார்த்தை பேசுதா? இதல்லவா பிள்ளை" என்று அத்தை பூரித்துப் போனார். கணவரின் தலை ஆடியது.

பிறகுதான் வந்த காரியம் வெளியே வந்தது.

"நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டுத்தான் வந்திருக்கோம். எங்களுக்கும் பிள்ளைன்னு ஒண்ணு இல்ல. இவள எங்ககிட்ட குடுத்துடுங்க. நீங்க அவனக் கட்டிக்கிட்டு அழுங்க, வேணாங்கல. நல்லா இருக்கிற ஒண்ணும் அவன்கூடச் சேந்து வீணாப் போகணுமா?"

பழக்கடைக்காரர்கூட இப்படிப் பொறுக்க விடமாட்டார். தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் மனைவி நிதானமாகக் கேட்டாள்.

"நிஜமாவே அவள நல்லாப் பாத்துப்பீங்களா அண்ணி?"

"பெத்த பொண்ணாப் பாத்துப்பேன்."

"நாளைக்கே ஏதாவது கஷ்டம்னா? எங்களால முடியாதுன்னு கைய விட்ற மாட்டீங்களே?"

"என்ன ஆனாலும் விட மாட்டேன். பிள்ளை என்ன கடையில வாங்குன சாமானா, பிடிக்கலன்னா திருப்பிக் குடுக்க? வேணும்னா இவரக் கேளு." அவர் வாய் நிறைய பிஸ்கட்டோடு தலையாட்டினார்.

அத்தை எழுந்துபோய்ச் சிறுமியின் கையைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார். அவள் உடம்பு விறைத்தது. "கூச்சம்" என்று அத்தை விளக்கம் வேறு சொன்னார்.

அம்மா எழுந்து வந்தாள். மகளைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"இவ எங்கயும் வரமாட்டா. ஆனா இவ்வளவு தூரம் சொன்னீங்களே, அதுவே எனக்குப் பெரிய தெம்பு. நீங்க கூட இருப்பீங்கன்னு நம்பலாம் இல்ல?"

"அந்தப் பயலுக்கா? அவன எங்க தலையில கட்டாத தாயி. நாங்க சொன்னதெல்லாம் இவளுக்குத்தான்."

"நானும் இவளுக்குத்தான் கேக்குறேன், அண்ணி. டாக்டர் சொன்னது இவளத்தான்."